ஓசூர் தீர்ப்பும் பெங்களூர் ஸ்டேயும்

பீன்யாவில் ஜாப்வொர்க் செய்யும் உங்கள் யூனிட்டுக்கு, 2019-20 நிதியாண்டுக்காக 12 லட்சம் ரூபாய் ஐடிசியை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்கு எடுத்த உள்ளீட்டு வரிக் கழிவை, திருப்பிக் கட்டச் சொல்லி 27 ஆகஸ்ட் 2024 தேதியிட்ட ஆர்டர் வந்திருக்கிறது. அப்பீலுக்குப் போகாமல் நவம்பர் தொடக்கத்தில் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு ஸ்டே வாங்கியிருக்கிறீர்கள். ஓசூரில் இருக்கும் உங்கள் மைத்துனருக்கும் அதே ஆண்டுக்கு, அதே மாதிரி ஆர்டர். அவருடையதை மெட்ராஸ் உயர் நீதிமன்றம் ரத்தே செய்துவிட்டது. அதைக் காட்டி "எங்கள் ஆர்டரும் செல்லாது" என்று சொல்லலாமா, இந்த ஸ்டே எவ்வளவு நாள் தாங்கும், அதுவரை வட்டி நிற்குமா என்று கேட்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருக்கும் கவலை, அதிகாரி நாளை வங்கிக் கணக்கில் கை வைத்துவிடுவாரா என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக பெங்களூரில் வரி வழக்குகள் நடத்துகிறேன். உங்கள் ஆர்டரையோ ஸ்டே உத்தரவையோ நான் படித்ததில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர். சரக்குக்கு அது சின்னப் பயணம், சட்டத்துக்கு வேறு உயர் நீதிமன்றம். ஒரு உயர் நீதிமன்றம் சொல்லும் சட்டம் அதன் எல்லைக்குள் இருக்கும் அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும் என்பது 1962-லேயே ஈஸ்ட் இந்தியா கமர்ஷியல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி முடித்த விஷயம். மறுபக்கம், ஓர் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு இன்னொரு உயர் நீதிமன்றத்தையோ அதன் எல்லைக்குள் இருக்கும் தீர்ப்பாயத்தையோ கட்டாயப்படுத்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1993-ல் தாணே எலெக்ட்ரிசிட்டி சப்ளை வழக்கில் விரிவாக எழுதியது. ஆகவே கோரமங்களா வணிக வரி அலுவலகத்தில் இருக்கும் அதிகாரியிடம் மெட்ராஸ் தீர்ப்பை நீட்டினால், அவர் வாங்கிப் படிப்பார், "நல்ல தீர்ப்பு" என்று கூடச் சொல்லலாம். அதற்குக் கட்டுப்பட்டவர் இல்லை. உங்கள் வக்கீல் அதே தீர்ப்பை நீதிபதி முன் வைக்கும்போது அதற்கு மரியாதை உண்டு. வாதத்துக்கு வலு சேர்க்கும், முடிவைத் தீர்மானிக்காது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் வழக்கு எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். மோசடி குற்றச்சாட்டு இல்லாத வழக்குகளில், ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் ஆர்டர் போட வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 73(10). 2019-20-க்கு அந்தக் கெடு 31 மார்ச் 2024. கோவிட் வந்தபோது 168ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். போர், கொள்ளைநோய், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம் போன்ற நம் கையை மீறிய காரணம் இருந்தால், ஜிஎஸ்டி கவுன்சிலின் பரிந்துரையின் பேரில் அரசு காலக்கெடுவை நீட்டிக்கலாம். அதன்படி மார்ச் 2023-ல் வந்த 9-ஆம் எண் அறிவிக்கை, 2019-20-க்கான கெடுவை 30 ஜூன் 2024 வரை தள்ளியது. 28 டிசம்பர் 2023-ல் வந்த 56-ஆம் எண் அறிவிக்கை அதை 31 ஆகஸ்ட் 2024 வரை இன்னொரு முறை தள்ளியது. உங்கள் ஆர்டர் ஆகஸ்ட் 27. அதாவது நீங்கள் 9-ஐ அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கவலையில்லை, உங்கள் ஆர்டரைத் தாங்கி நிற்பது 56 மட்டும்தான். இந்தத் தேதிக் கணக்கைப் போடாமலேயே இரண்டு அறிவிக்கையையும் எதிர்த்து மனு எழுதிக் கொண்டுவருபவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். ஜூன் 30-க்கு முன் ஆர்டர் வாங்கியவருக்கு 56 விழுந்தாலும் ஒரு பைசா லாபமில்லை.

இனி மோதல். 9-ஆம் எண் அறிவிக்கை செல்லும் என்றது அலகாபாத் உயர் நீதிமன்றம். 56 செல்லும் என்றது பாட்னா, நவம்பர் 2024-ல். அதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே, கவுன்சிலின் பரிந்துரை இல்லாமல் வந்தது என்று 56-ஐ ரத்து செய்துவிட்டது கௌஹாத்தி. செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்குள் முழுசாக இறங்காமலே 56-ஐப் பற்றிச் சில பாதகமான கருத்துகளைச் சொன்னது தெலங்கானா. அந்தத் தெலங்கானா வழக்கு உச்ச நீதிமன்றம் போய், பிப்ரவரி 2025-ல் நோட்டீஸ் ஆனது. ஜூன் 2025-ல் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதியும் 56-ஐ ஏற்கவில்லை. உங்கள் மைத்துனருக்குக் கிடைத்தது அந்த வரிசையில் வந்த பலன்தான். உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியதாலேயே கௌஹாத்தியோ பாட்னாவோ சொன்னது அழிந்துவிடாது, அந்தத் தீர்ப்புக்கே ஸ்டே கொடுத்தால்தான் கதை வேறு. இது பலருக்குத் தெரியாததால் சொல்கிறேன்.

சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதி இனிமேல்தான். மத்திய அரசின் அறிவிக்கை ஒன்றை ஒரு உயர் நீதிமன்றம் ரத்து செய்தால் அது இந்தியா முழுதும் ரத்தா? 2004-ல் குசும் இங்காட்ஸ் வழக்கில், நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் அரசியல் சாசனச் செல்லுபடி பற்றி ஓர் உயர் நீதிமன்றம் போடும் உத்தரவு நாடு முழுக்கப் பலிக்கும் என்று உச்ச நீதிமன்றம் எழுதிய ஒரு பத்தியைப் பிடித்துக்கொண்டு, "கௌஹாத்தியில் விழுந்தது பெங்களூரிலும் விழுந்தது" என்று வாதாடுகிறோம். நானும் வாதாடியிருக்கிறேன். ஆனால் அந்த வழக்கின் மையக் கேள்வி எந்த நீதிமன்றத்துக்கு எல்லை அதிகாரம் என்பது, அந்தப் பத்தி போகிற போக்கில் வந்தது என்று எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயமிருக்கிறது. ஒரு நீதிமன்றம் ரத்து செய்து இன்னொன்று செல்லும் என்று சொன்ன இந்த நிலையில் அந்த வாதம் தானாகவே வலுவிழக்கிறது, பாட்னாக்காரரும் அதே பத்தியைக் காட்டலாமே. இன்னொன்று, உங்கள் ஆர்டரைப் போட்டது மாநில அதிகாரி என்றால், மத்திய அறிவிக்கையோடு கர்நாடக ஜிஎஸ்டி சட்டத்தின்கீழ் மாநில அரசு வெளியிட்ட இணையான அறிவிக்கையையும் மனுவில் எதிர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். விட்டிருந்தால் திருத்த மனு போடச் சொல்லுங்கள்.

உச்ச நீதிமன்றத்தில் கேள்வி நிலுவையில் இருக்கும்போது உயர் நீதிமன்றங்கள் என்ன செய்கின்றன என்பதிலும் ஒரே மாதிரி இல்லை. பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம், நாங்கள் இப்போது கருத்துச் சொல்வது முறையல்ல என்று ஒதுங்கிக்கொண்டு, ஏற்கனவே கொடுத்த இடைக்கால உத்தரவுகள் தொடரும், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எப்படியோ அப்படி என்றது. டெல்லி உயர் நீதிமன்றம் வேறு வழியில் போனது. தன்னிடம் குவிந்திருந்த வழக்குகளைப் பிரித்து, பதில் சொல்ல வாய்ப்பே கிடைக்காதவர்களின் ஆர்டரை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஜிஎஸ்டி போர்ட்டலில் 'கூடுதல் நோட்டீஸ்' என்ற மூலையில் ஷோகாஸ் (காரணம் கேட்கும்) நோட்டீஸைப் போட்டுவிட்டு யாருக்கும் தெரியாமல் ஆர்டர் போட்ட காலம் ஒன்று இருந்தது, ஜனவரி 2024-ல்தான் போர்ட்டலைத் திருத்தினார்கள். மற்றவர்களை டெல்லி நீதிமன்றம் அப்பீலுக்குப் போகச் சொல்லி, அதற்கு நேரமும் கொடுத்து, அறிவிக்கை செல்லுமா என்ற கேள்வியை மட்டும் உச்ச நீதிமன்றத்துக்கு விட்டது. இந்த இரண்டில் எது உங்கள் வழக்கில் நடந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். உங்களுக்கு இன்று ஸ்டே இருக்கிறது என்பதற்காக நாளை வழக்கு முடித்து வைக்கப்படாது என்று அர்த்தமில்லை.

ஸ்டே என்றால் என்ன என்பதை நம் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஸ்டே ஆர்டரை அழிப்பதில்லை. 1992-ல் ஸ்ரீ சாமுண்டி மொபெட்ஸ் வழக்கில், நம் கர்நாடகத்திலிருந்து போன வழக்கிலேயே, உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ரத்து செய்தால் ஆர்டர் பிறக்காதது போல ஆகும், ஸ்டே கொடுத்தால் அது அந்த நாளிலிருந்து செயல்படாமல் நிற்கும், அவ்வளவுதான். ஆகவே ஸ்டேக்கு முந்தின நாள் வங்கியிலிருந்து பணம் போயிருந்தால் ஸ்டே அதைத் தானாகத் திருப்பித் தராது. அதைவிட முக்கியம், உங்கள் உத்தரவில் உள்ள வார்த்தைகள். ஆர்டரின் செயல்பாட்டுக்கே ஸ்டேயா, வசூலுக்கு மட்டும் ஸ்டேயா, 'கடும் நடவடிக்கை கூடாது' என்று மொட்டையாக இருக்கிறதா? இந்தக் கடைசி வகை வார்த்தையைக் கிரிமினல் வழக்கு ஒன்றில், 2021-ல் நீஹாரிகா தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே கடிந்துகொண்டது, எது கடுமை என்று யாருக்கும் தெரியாது என்பதால். வரி விஷயத்தில் வங்கிக்கு டிஆர்சி-13 நோட்டீஸ் அனுப்பி உங்கள் கணக்கிலிருந்து பணத்தை வசூலிப்பது கடும் நடவடிக்கை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் ரீஃபண்டை நிலுவைக்கு எதிராகச் சரிக்கட்டுவது? அதைக் கடுமை இல்லை என்று வாதாடும் அதிகாரிகள் உண்டு. வக்கீலிடம் சொல்லித் தெளிவுபடுத்தி வாங்குங்கள்.

உத்தரவின் கடைசி வரியையும் பாருங்கள். 'அடுத்த விசாரணை வரை' என்று இருந்தால் அந்தத் தேதியில் நீட்டிப்புக் கேட்டாக வேண்டும். சில வருடம் முன்பு கமர்ஷியல் ஸ்ட்ரீட் துணிக்கடைக்காரர் ஒருவருக்கு நாங்கள் வாங்கிய ஸ்டே அப்படிப்பட்டது. அந்தத் தேதியில் வழக்கு பட்டியலிலேயே வரவில்லை. பட்டியலில் வராததால் எல்லாம் அப்படியே தொடர்கிறது என்று எங்கள் ஜூனியர் நினைத்துக்கொண்டார், நானும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. ஓடிப்போய் ஸ்டேயை நீட்டித்து வாங்கினோம், போன பணம் வழக்கு முடியும்வரை வரவில்லை. தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த பணம் அது. அவர் எங்களைத் திட்டவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. 'மறு உத்தரவு வரை' என்று இருந்தால் அந்த ஆபத்து இல்லை. ஆறு மாதம் ஆனால் ஸ்டே தானாகக் காலாவதி என்று 2018-ல் ஏஷியன் ரீசர்ஃபேசிங் வழக்கில் சொன்னதை, 29 பிப்ரவரி 2024-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு மாற்றிவிட்டது. ஆகவே அதிகாரி "ஆறு மாசம் ஆச்சே சார்" என்று சொன்னால் அந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள். ஸ்டே உத்தரவின் நகலை அதிகாரிக்கும் உங்கள் வங்கிக் கிளைக்கும் நீங்களே அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள்.

அரசு வருவாய் வழக்குகளில் ஸ்டே இலவசமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. 1984-ல் டன்லப் இந்தியா வழக்கில், முதல் பார்வையில் வழக்கு வலுவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வசூலை நிறுத்தக் கூடாது, பொது நலனையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொன்னது. அதனால்தான் பத்து சதவீதமோ இருபது சதவீதமோ கட்டச் சொல்லி நிபந்தனையோடு ஸ்டே வருகிறது. உங்களுடையதில் நிபந்தனை இருந்து கட்டாமல் விட்டிருந்தால், உங்களுக்கு ஸ்டே இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வட்டி நிற்காது. ஸ்டே காலத்துக்கான வட்டியிலிருந்து தப்ப முடியாது என்பதற்கு 1997-ன் கனோரியா கெமிக்கல்ஸ் தீர்ப்பைத் துறை எப்போதும் கையில் வைத்திருக்கும். அது மின்கட்டண வழக்கு, ஆனால் கொள்கை இங்கேயும் பொருந்தும். 12 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் வருடத்துக்கு 2.16 லட்சம், மாதம் 18,000 ரூபாய். உங்களுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கலாம்: தவறாக எடுத்த ஐடிசிக்கு, அதைப் பயன்படுத்தியிருந்தால் மட்டுமே வட்டி என்று 50(3)-ஆம் பிரிவை ஜூலை 2017 முதலே பொருந்தும்படி திருத்திவிட்டார்கள். உங்கள் கிரெடிட் லெட்ஜரில் (போர்ட்டலில் உள்ள ஐடிசி இருப்புக் கணக்கில்) அந்தக் காலம் முழுதும் 12 லட்சத்துக்குக் குறையாமல் இருப்பு இருந்ததா என்று ஆடிட்டரை மாதவாரியாகப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்திருந்தால் வட்டிக் கதையே மாறும்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது நீங்கள் கேட்காத விஷயம், அப்பீல். ஜிஎஸ்டி சட்டத்தின் 107-ஆம் பிரிவின்படி ஆர்டர் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம், அதற்கு மேல் அப்பீல் அதிகாரிக்கு மன்னிக்க அதிகாரமில்லை. உங்களுக்கு அது டிசம்பர் 2024 கடைசியில் முடிந்துவிட்டது. அந்தக் கெடுவும் தாண்டிய பிறகு ரிட் போட்டு வருபவர்களுக்கு 2020-ல் கிளாக்ஸோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது. நீங்கள் கெடுவுக்குள்ளேயே நவம்பரில் ரிட் போட்டிருப்பது நல்லது. தவறான மன்றத்தில் நல்லெண்ணத்தோடு செலவழித்த காலத்தைக் கழிக்கும் கொள்கையை 2015-ல் எம்.பி. ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அதை நம்பி மட்டும் உட்காராதீர்கள். வழக்கு முடித்து வைக்கப்படும் நிலை வந்தால், 'முப்பது நாளுக்குள் அப்பீல் போட்டால் காலதாமதத்தைக் காரணம் காட்டித் தள்ளாமல் தகுதி அடிப்படையில் விசாரிக்க வேண்டும்' என்ற வரி உத்தரவில் ஏறும்படி உங்கள் வக்கீல் அங்கேயே கேட்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் வெளியே வந்து பிறகு திண்டாடியவர்களை அட்டாரா கச்சேரி (உயர் நீதிமன்றக் கட்டடம்) வராந்தாவில் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பீலுக்குத் தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம், உங்களுக்கு 1.2 லட்சம், கட்டினால் மீதி வசூல் 107(7)-ன்படி சட்டப்படியே நின்றுவிடும். நீதிபதியிடம் கேட்டு வாங்க வேண்டியதில்லை, தேதிக்குத் தேதி நீட்டிக்கவும் வேண்டியதில்லை.

சொல்லப்போனால், எனக்கு உங்கள் வழக்கில் காலக்கெடுப் புள்ளியை விட ஐடிசிப் புள்ளிதான் பிடித்திருக்கிறது. 2ஏ-வும் (சப்ளையர்கள் காட்டியதிலிருந்து தானாக வரும் பட்டியல்) 3பி-யும் (நீங்கள் போடும் ரிட்டர்ன்) பொருந்தவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். சப்ளையர் தன் பக்கம் காட்டாமல் விட்டதற்கு 2017-18, 2018-19 ஆண்டுகளுக்கு 183-ஆம் எண் சுற்றறிக்கை வழி சொன்னது. வித்தியாசம் ஒரு சப்ளையருக்கு 5 லட்சத்துக்குள் என்றால் அவரிடமிருந்தே சான்று, அதற்கு மேல் என்றால் சிஏ சான்று. ஜூலை 2023-ல் வந்த 193-ஆம் எண் சுற்றறிக்கை அதை ஏப்ரல் 2019-க்குப் பிந்தைய காலத்துக்கும் நீட்டியது, ஒரு வித்தியாசத்தோடு: 8 அக்டோபர் 2019 வரை முழுசாக, அதன் பிறகு டிசம்பர் கடைசி வரை 20 சதவீத வரம்புக்குள், ஜனவரி 2020 முதல் 10 சதவீத வரம்புக்குள். உங்கள் 12 லட்சத்தில் எத்தனை ஏப்ரல் முதல் 8 அக்டோபர் 2019 வரையிலான காலத்தில் விழுகிறது என்று பிரித்துப் பார்த்தீர்களா? பாதி அங்கேயே கரையலாம். ரிட்டர்ன் தாமதமாகப் போட்டதற்காக 16(4)-ஐ (ஐடிசி எடுப்பதற்கான காலக்கெடு) காட்டி மறுத்த பகுதி ஏதாவது இருந்தால், 2024-ல் சேர்த்த 16(5) 2017-18 முதல் 2020-21 வரைக்கும் 30 நவம்பர் 2021 வரை போட்ட ரிட்டர்னுக்கு நிவாரணம் தருகிறது. காலக்கெடு என்ற ஒரே ஆணியில் மொத்த வழக்கையும் மாட்டிவிட்டு, உச்ச நீதிமன்றத்தில் அந்த ஆணி கழன்றால் உங்களிடம் எதுவும் மிச்சமிருக்காது.

மைத்துனரின் வெற்றியைப் பார்த்து ரொம்பப் பொறாமைப்பட வேண்டாம். மெட்ராஸ் உத்தரவு அவரை விடுவிக்கவில்லை, மறுபடி விசாரிக்க அனுப்பியிருக்கிறது. கோவிட் காலத்துக்காக 15 மார்ச் 2020 முதல் 28 பிப்ரவரி 2022 வரை நாட்களைக் கழிக்கச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவை அரசு கவனிக்கவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான காரணங்களில் ஒன்று. அந்த நாட்களைக் கழித்து எண்ணினால் அதிகாரிக்கு நேரம் கூடுமே தவிரக் குறையாது. அவரையும் இன்வாய்ஸ், லாரி ரசீது, வங்கிப் பரிமாற்றம் எல்லாம் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு வக்கீலைப் பார்க்கப் போகும்போது ஸ்டே உத்தரவின் சான்றிட்ட நகல், டிஆர்சி-01 (ஷோகாஸ் நோட்டீஸின் சுருக்கம்), டிஆர்சி-07 (ஆர்டரின் சுருக்கம்), ஆர்டர் போர்ட்டலில் ஏறிய தேதி, 2019-20-ன் மாதவாரி கிரெடிட் லெட்ஜர், சப்ளையர் வாரியாக வித்தியாசப் பட்டியல் இவ்வளவும் கொண்டுபோங்கள். உச்ச நீதிமன்ற வழக்கின் இன்றைய நிலையை அன்றே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த தேதியில் வழக்கு பட்டியலில் இருக்கிறதா என்பதை முந்தின நாள் மாலை நீங்களே நீதிமன்றத்தின் இணையதளத்தில் பாருங்கள், வக்கீல் ஆபீஸ் பார்க்கும் என்று விடாதீர்கள். எங்கள் ஆபீஸ் பார்க்கவில்லை.